தஞ்சாவூருக்குப் போங்கள், ஆனால் இரவு தங்குங்கள்

திருச்சியில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் ஆவணியில் அவருக்குத் திருமணமாகிப் பத்து ஆண்டு நிறைகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. ஏழு வயது மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவன் மனைவி இருவர் மட்டும் எங்காவது போய்வர வேண்டும். ஸ்கூட்டர் உண்டு, கார் இல்லை. 10,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. கொடைக்கானல் போகலாமா, தஞ்சாவூரே போதுமா? மனைவியிடம் சொல்லாமல் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டுக் கிளம்பும் நாளில் சொன்னால் மகிழ்வாரா? "தஞ்சாவூர் பக்கத்து ஊர்தானே, எத்தனையோ முறை போயாயிற்று, அங்கே பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது" என்ற தயக்கமும் அவருக்கு இருக்கிறது.

தஞ்சாவூர் போங்கள். போய் ஓர் இரவு தங்குங்கள். என் பதிலின் சாரம் அந்த இரண்டாவது வாக்கியம்தான்.

திருச்சிக்காரர்கள் தஞ்சாவூருக்குப் போவதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். யாருடைய கல்யாணத்துக்காவது போவார்கள். மருத்துவரைப் பார்க்கப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினருக்குப் பெரிய கோயிலைக் காட்டப் போவார்கள். ஒரு மணி நேரப் பயணம் என்பதால் காலைப் பலகாரத்தை வீட்டில் முடித்துவிட்டுப் பத்து, பதினொரு மணிக்குப் போய் இறங்குவார்கள். கோயில் தரையில் கால் வைக்க முடியாதபடி கல் கொதிக்கத் தொடங்கும் நேரம் அது. பகல் உச்சியில் நடை சாத்திவிடுவார்கள், மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இடைப்பட்ட நேரத்தை ஒரு சாப்பாட்டுக் கடையில் கழித்துவிட்டு, வெயில் தணிந்து ஊர் அழகாகத் தொடங்கும்போது வீட்டுக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். தஞ்சாவூரின் நல்ல நேரங்கள் இரண்டு: பொழுது சாய்ந்தபின் ஒன்று, காலை எட்டு மணிக்கு முன் ஒன்று. பகலில் வந்து பகலில் திரும்புகிறவர் கண்ணில் இரண்டுமே படுவதில்லை. நீங்கள் எத்தனை முறை போயிருந்தாலும் இந்தத் தஞ்சாவூரை அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கொடைக்கானல் நல்ல ஊர்தான். ஆனால் இரண்டு நாள் விடுமுறைக்கு அது பொருந்தாது. திருச்சியிலிருந்து மலை ஏறிச் சேரவே ஐந்து மணி நேரம் ஆகும், இறங்கித் திரும்ப அதே அளவு. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. வார இறுதியில் ஏரிச் சாலையில் நிற்கும் கூட்டம் வேறு. களைத்துப் போய்ச் சேர்ந்து, களைத்துத் திரும்பி, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போவது ஒரு மணநாளுக்குத் தகுந்த முடிவாகத் தோன்றவில்லை. மூன்று நாள் விடுமுறை கிடைக்கும் ஆண்டில் போய்க்கொள்ளுங்கள்.

அடுத்து, மனைவியிடம் சொல்லாமல் வைத்திருக்கும் யோசனை. தயவுசெய்து வேண்டாம். மகளை இரண்டு நாள் பாட்டியிடம் விடுவதென்றால் அவளுடைய உடை, மருந்து, வீட்டுப்பாடம், எதைச் சாப்பிடுவாள், எதற்கு அழுவாள் என்று சொல்லிவைக்க வேண்டியவை ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டியல் அம்மாவின் தலையில்தான் இருக்கிறது. கிளம்பும் நாளில் சொன்னால் அவர் பாதி வழிவரை அதையே நினைத்துக்கொண்டு வருவார். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நான் சொல்லப்போகும் பயணத்தில் கோயில்கள் வருகின்றன. மாதவிலக்கு நாள்களில் கோயிலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த வார இறுதி என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். நாளை அவர் குறிக்கட்டும். ஊரை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். சொல்லாமல் வைக்க வேண்டிய சின்னச் சங்கதி ஒன்றிரண்டு உங்களுக்கு வேண்டும் என்றால் அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

அறை விஷயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் திருமணம் ஆவணியில் நடந்ததற்குக் காரணம் அது முகூர்த்த மாதம் என்பதுதான். பத்து ஆண்டுக்குப் பிறகும் அது முகூர்த்த மாதம்தான். ஆவணியில் முகூர்த்தம் விழும் ஞாயிற்றுக்கிழமை என்றால் தஞ்சாவூரில் நல்ல விடுதிகளின் அறைகளைப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். முதல் நாள் இரவு முழுக்கத் தாழ்வாரத்தில் குழந்தைகள் ஓடுவார்கள், விடியற்காலை மூன்று மணிக்கு லிஃப்ட் வாசலில் புடவைச் சலசலப்பு கேட்கும். ஆகவே நாள்காட்டியைப் பார்த்து முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். மணநாள் புதன்கிழமை வந்தால் அதற்கு முன்போ பின்போ வரும் வார இறுதியில் கொண்டாடினால் ஒன்றும் குறைந்துவிடாது. மூன்று, நான்கு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோயில் வரையுள்ள பகுதியில், காந்திஜி சாலையை ஒட்டித் தங்கினால் கோயிலுக்கு நடந்தே போகலாம். இந்தப் பயணத்தில் நடப்பதற்கு இடம் வேண்டும், அதனால் ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இருக்கும் பெரிய விடுதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 3,000 ரூபாய் அளவில் சுத்தமான அறை கிடைக்கும். இருவரின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

இனிப் பயணம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ஸ்கூட்டர் இருப்பது உங்களுக்கு வசதி, கார் வைத்திருப்பவர்களைவிட நல்ல வழி உங்களுக்கு வாய்க்கும். திருவானைக்காவல் பக்கமாகக் கல்லணைக்குப் போய், அங்கிருந்து காவிரியை ஒட்டித் திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு சேர்ந்து, பிறகு தஞ்சாவூருக்குத் திரும்புங்கள். சுற்றுவழிதான், ஆனால் வழி நெடுகத் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், ஜனவரி 28 வரை பாசனத்துக்கு நீர் விடுவார்கள். ஆகவே வானம் பொய்க்காத ஆண்டில் ஆவணி மாதம் ஆறுகளில் நீர் ஓடும் மாதம். குறுவை அறுவடையும் அப்போதுதான் தொடங்கும். ஒரு வயலில் அறுப்பு நடக்கும், அடுத்த வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பார்கள். தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் வண்டியை ஏற்றினால் சக்கரம் வழுக்கும், மெதுவாகப் போங்கள். இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்கு முதுகு வலி உண்டு என்றால் இந்தத் திட்டத்தை ஸ்கூட்டரில் செய்யாதீர்கள். பஸ்ஸில் நேரே தஞ்சாவூர் போய், திருவையாற்றுக்கு மட்டும் டவுன் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய்வரலாம்.

கல்லணையில் அரை மணி நேரம் போதும். அணையின் மேலுள்ள பாலத்தில் நடந்து, காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய அணை இன்றைய கட்டுமானத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே நாம் பார்க்கும் மதகுகள் பிற்காலத்தவை. கல்லணைக் கால்வாயை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1934-இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாயை மக்கள் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். அது தஞ்சாவூர் நகருக்கு நடுவே போகிறது. காலையில் கல்லணையில் நீங்கள் பார்க்கும் நீர் போகும் தடத்தை மாலையில் இர்வின் பாலத்தின் மேல் நின்று மறுபடி பார்க்கலாம்.

திருவையாற்றில் நிதானமாக இருங்கள். இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி இது, ஒரு மணநாளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் காவிரிக் கரையில் இருக்குமா என்று தெரியவில்லை. கயிலை மலைக்குக் கால் தேயத் தேய நடந்தும் போய்ச் சேர முடியாத அப்பருக்கு, திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது என்பது சைவ மரபு. அப்போது அவர் பாடிய பதிகத்தைப் படித்துப் பாருங்கள். அவர் கண்டதாகச் சொல்வதெல்லாம் சோடி சோடியாக வரும் உயிர்கள்தாம்: களிறும் பிடியும், சேவலும் பெடையும், குயிலும் அதன் துணையும், மயில்கள், நாரைகள், கிளிகள். ஒவ்வொரு பாட்டிலும் இணையாக வரும் ஓர் உயிரைப் பார்க்கிறார், அதில் அம்மையையும் அப்பனையும் காண்கிறார். ஆடி அமாவாசையன்று அந்தக் காட்சியை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள்.

அதே ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள் வட கைலாயம் என்று ஒரு தனிக்கோயில் இருக்கிறது. அதைக் கட்டியவர் ராஜராஜ சோழனின் பட்டத்தரசியான உலகமாதேவி. கல்வெட்டில் அந்தக் கோயிலுக்கு அவர் பெயரே இருக்கிறது, லோகமாதேவீச்சரம். பெரிய கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர், அங்கிருந்து 13 கிலோமீட்டரில் அந்த மன்னனின் மனைவி எழுப்பிய கோயில் இருக்கிறது என்பதைச் சொல்பவர் குறைவு. உருவில் சிறியது. கூட்டம் இராது. பூட்டியிருந்தாலும் சுற்றி வந்து சுவர்களைப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் மனைவி கட்டியதையும் மாலையில் கணவன் கட்டியதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழியை நான் சொல்கிறேன்.

காவிரிக் கரையில் தியாகராஜரின் சமாதி இருக்கிறது. அவர் 1847-இல் மறைந்தார். இப்போதுள்ள கோயில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்து எழுப்பியது. தை மாத ஆராதனையின்போது உட்கார இடம் கிடைக்காத அந்த மணல்வெளியில் ஆவணிச் சனிக்கிழமையில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். படித்துறையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு கடைத்தெருவுக்கு வந்து ஆண்டவர் கடையில் அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த இந்த அல்வா திருவையாற்றின் சொத்து. சூடாக இலையில் வைத்துத் தருவதை நின்றபடி சாப்பிடுவதுதான் முறை. வீட்டுக்கு வாங்குவதை அப்போதே வாங்கிவிடாதீர்கள். இரண்டு நாள் சுமக்க வேண்டியிருக்கும்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் வரும் சாலையில் ஐந்து ஆறுகளைக் கடக்கிறீர்கள்: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. பாலம் வரும்போதெல்லாம் எந்த ஆறு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

மதியம் அறைக்குப் போய், சாப்பிட்டு, நாலரை மணி வரை தூங்குங்கள். பத்து ஆண்டில் இருவரும் ஒன்றாகப் பகலில் தூங்கிய நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். அந்த நேரத்தில் அரண்மனை, மணிமண்டபம், சிவகங்கைப் பூங்கா என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

ஐந்து மணிக்குப் பெரிய கோயில். கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் மாலையில் நந்திக்கு அருகே நின்று அண்ணாந்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும், கல் கறுத்துத் தெரியும். எல்லோரும் அங்கேதான் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் தெற்குப் பக்கமாக நடந்து பின்னால், கருவூர்த் தேவர் சன்னதி இருக்கும் மேற்குப் பகுதிக்குப் போய்விடுங்கள். ஆவணியில் ஆறே கால் மணியை ஒட்டிச் சூரியன் மறையும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் மேற்கு வெயில் நேராக விமானத்தின் மேல் விழும்போது அந்தக் கருங்கல்லுக்குள் இத்தனை சிவப்பும் மஞ்சளும் இருந்தனவா என்று தோன்றும். 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பதின்மூன்று அடுக்குகளையும் கண்ணால் ஏறிப் பாருங்கள். இதன் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே நேரத்தில் கிழக்குப் பக்கம் போனால் நீண்டு கிடக்கும் நிழலையே பார்க்கலாம். இந்தக் கோயிலின் பெருமைக்கு அப்படி ஒரு கதை தேவையில்லை. 1010-இல் இதைக் கட்டி முடித்தவர்கள், பாறையே இல்லாத வண்டல் பூமிக்குக் கற்களைக் கொண்டுவந்து இந்த உயரத்துக்கு அடுக்கினார்கள் என்பதே போதும்.

இருட்டியபின் உடனே எழுந்துவிடாதீர்கள். விளக்குகள் போட்டபின் புல்வெளியில் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் கல்தரையில் விளையாடும், காற்று வரும். யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மாலையில் காற்று வாங்கும் முற்றமாகவும் இருக்கிறது. நானும் மாலை நேரங்களில் அங்கே போய் உட்காருகிறவன்தான், அந்த ஊர் தன் கோயிலோடு கொண்டிருக்கும் உறவு அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிகிறது. நடை சாத்தும் வரை இருங்கள். எட்டரை மணி அளவில் சாத்துவார்கள். ஆவணியில் மாலை மழை வருவதுண்டு, ஒரு குடை இருக்கட்டும்.

வெளியே வந்ததும் நீங்கள் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருக்கும் முதல் சங்கதிக்கு இடம் வருகிறது. தஞ்சாவூர்க் கதம்பம் வாங்கிக் கொடுங்கள். பல நிறப் பூக்களோடு மருவும் மரிக்கொழுந்தும் சேர்த்து நெருக்கிக் கட்டும் அந்தச் சரத்தின் மணம் தனி மல்லிகையில் வராது. இரவுச் சாப்பாட்டை எளிதாக வைத்துக்கொண்டு, பாம்பே ஸ்வீட்ஸில் சந்திரகலா வாங்கிக்கொள்ளுங்கள். கோவாவைப் பூரணமாக வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைத்த பலகாரம் அது. ஒன்றுக்கு மேல் சாப்பிட முடியாது, ஒன்றையே பாதியாகப் பிட்டுச் சாப்பிடுவது நல்லது. பிறகு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் காவிரிக் கரையில் விளையும் கொழுந்து வெற்றிலையாகக் கேட்டு வாங்குங்கள். அறைக்கு நடந்தே போங்கள். இர்வின் பாலத்தில் நின்று புது ஆற்றைப் பாருங்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மறுபடியும் பெரிய கோயில். இரண்டாவது முறை எதற்கு என்று கேட்பீர்கள். காலை வெயில் கிழக்கு முகத்தில் விழும். முதல் நாள் கறுத்துத் தெரிந்த பக்கமெல்லாம் அப்போது வெளிச்சமாக இருக்கும். கல் குளிர்ந்திருக்கும், எவ்வளவு நேரமும் சுற்றலாம். இந்த முறை மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். விமானத்தின் அடித்தளம் முழுக்க வரி வரியாக எழுத்து. தான் கொடுத்ததையும், தன் அக்கா கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. அக்கா என்பது குந்தவை. பெண்டுகள் என்பது அரசியர். இத்தனை பெரிய கோயிலைக் கட்டியவன், தன் கொடையைச் சொல்லும் அதே வாக்கியத்தில் வீட்டுப் பெண்களின் கொடையையும் சேர்த்துச் சொன்னான். கோயிலில் ஆடுவதற்காக அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், ஒவ்வொருவருக்கும் எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்பதும்கூட வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்க முயலுங்கள். பல எழுத்துகள் இன்றைய தமிழெழுத்துக்கு நெருக்கமானவை. ஒன்றிரண்டு சொற்கள் பிடிபட்டால் இருவருக்கும் குழந்தைகளைப் போல மகிழ்ச்சி வந்துவிடும்.

குளித்து, டிபன் முடித்து, பத்து மணிக்கு அரண்மனை. அரண்மனையில் பல பிரிவுகளுக்குத் தனித்தனி டிக்கெட் கேட்பார்கள். எல்லாம் வேண்டாம். கலைக்கூடத்துக்கு மட்டும் முழு நேரத்தையும் கொடுங்கள். செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்தவற்றைத் தேடிப் போங்கள். ரிஷபவாகனர் ஒருவர் இருக்கிறார், காலை மாற்றி நின்று, பக்கத்தில் இல்லாத காளையின் மேல் கையை ஊன்றி நிற்பார். 1011-இல் அந்தத் திருமேனியை அளித்தார்கள், அடுத்த ஆண்டு தேவியைச் செய்து அளித்தார்கள். அவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கடுத்துக் கல்யாணசுந்தரரைத் தேடுங்கள். சிவன் உமையின் கையைப் பிடிக்கும் கோலம். திருமாலும் திருமகளும் பெண் வீட்டாராக நிற்கிறார்கள். உமையின் முகத்தைப் பார்த்தால் கல்யாண மண்டபத்தில் நாம் பார்த்த எத்தனையோ மணப்பெண்களின் முகம் அதில் வரும்: சற்றே கவிழ்ந்த தலை, நாணம், பதற்றம், உள்ளுக்குள் ஒரு துணிவு. ஆயிரம் ஆண்டுக்கு முன் மெழுகில் உருவம் பிடித்து, அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தவன் இந்த முகத்தை மெழுகிலேயே கொண்டுவந்துவிட்டான். ஒரு முறை வார்த்த அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே இதைப் போல இன்னொன்று கிடையாது. உங்கள் கல்யாணப் படங்களை வீட்டில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இந்தச் சிலைக்கு முன்னால் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

நேரமும் விருப்பமும் இருந்தால் சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த ஓலைச்சுவடிகளும் நூல்களும் கொண்ட நூலகம் அது. கண் நோயாளிகளின் படத்தை வரையச் சொல்லிச் சிகிச்சைக் குறிப்போடு வைத்திருந்த அரசர் அவர். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

வாங்குவதைப் பற்றி. தஞ்சாவூர் ஓவியம் வாங்கும் எண்ணம் இருந்தால், அதுதான் மனைவியிடம் சொல்லாமல் வைக்கும் இரண்டாவது சங்கதி என்றால், அவசரப்படாதீர்கள். அசல் வேலையில் பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் கலந்து புடைப்பு எழுப்பி, தங்கத்தாள் ஒட்டிக் கற்கள் பதிப்பார்கள். சிறிய படமே சில ஆயிரம் ஆகும். மிக மலிவாகச் சொன்னால் அதில் இருப்பது தங்கத்தாளாக இராது. சில ஆண்டில் கறுத்துவிடும். உங்கள் செலவுக் கணக்கில் அது இடிக்கும் என்பதால் இந்த முறை பார்த்துவைத்துக்கொண்டு பதினைந்தாம் ஆண்டுக்கு வாங்கலாம். மகளுக்குத் தலையாட்டி பொம்மை கட்டாயம். மனைவிக்கு என்ன வேண்டும் என்பதை அவரே கடையில் நின்று முடிவு செய்யட்டும், நீங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் கூட நில்லுங்கள்.

கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை எல்லாம் பக்கம்தானே, வேளாங்கண்ணிக்கும் போய்விடலாமே என்று உறவினர்கள் சொல்வார்கள். தாராசுரம் எனக்கு உயிர். அந்த ஐராவதேசுவரர் கோயிலின் தூண்களில் சிறு சிறு சிற்பங்களைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். ஆகவேதான் அதை இந்தப் பயணத்தில் திணிக்க வேண்டாம் என்கிறேன். இன்னொரு வார இறுதியில் கும்பகோணத்தில் தங்கி அதற்கென்றே போங்கள். இரண்டு நாளில் ஏழு கோயில் பார்த்த தம்பதிகள் வீடு திரும்பியதும் எதை எங்கே பார்த்தோம் என்று ஒருவரோடு ஒருவர் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இடங்களைத் தவிர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் ஆண்டு என்பது பெரும்பாலான வீடுகளில் கடன் தவணை, பிள்ளையின் பள்ளி, பெற்றோரின் உடல்நலம் மூன்றும் சேர்ந்து அழுத்தும் காலம். கணவனும் மனைவியும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வார்கள், ஆனால் பேசுவதெல்லாம் அந்த மூன்றைப் பற்றியே இருக்கும். அந்த இரண்டு நாளும் அவற்றைப் பேசக் கூடாது என்று சட்டம் போட்டால் பேச ஒன்றும் இல்லாமல் திகைப்பீர்கள். அதனால்தான் வழியில் பாலங்களையும் சிலைகளையும் எழுத்துகளையும் வைத்தேன். பேச்சு அவற்றில் தொடங்கி எங்கு வேண்டுமானாலும் போகட்டும். மகளோடு ஒரு நாளுக்கு ஒரு முறை, மாலையில், இருவரும் சேர்ந்து பேசுங்கள். அடிக்கடி கூப்பிட்டால் அவளுக்கும் ஏக்கம் கூடும், பாட்டிக்கும் தன்மேல் நம்பிக்கையில்லையோ என்று இருக்கும்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் அறை 3,000, இரண்டு நாள் சாப்பாடும் பலகாரமும் 2,000, பெட்ரோல், நுழைவுச்சீட்டு, பூ, அர்ச்சனை எல்லாம் 1,000. பொம்மைக்கும் மனைவி விரும்பும் பொருளுக்கும் போக மீதி இருக்கும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் சற்று ஓய்வெடுத்துவிட்டு மூன்றரை மணிக்குக் கிளம்புங்கள். திரும்பும்போது நெடுஞ்சாலை வழியாகவே வாருங்கள். ஞாயிறு மாலை அதில் லாரியும் பஸ்ஸும் அதிகம், இருட்டுவதற்குள் திருச்சி சேர்ந்துவிடுவது நல்லது. அசோகாவும் தஞ்சாவூர்க் கடைகளிலேயே கிடைக்கும், பாட்டிக்கு அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.